சங்கக்கடை வாசலில் அண்ணை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கும். அதுவும் அண்ணையைப் பார்த்து யாராவது "பாவம்" என்று இழுத்தால், அவர்கள் பாடு அவ்வளவுதான். ஆனால் உண்மையைச் சொன்னால், அவரை வெளியே கூட்டிக்கொண்டு போக எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. முப்பத்தைந்து வயது. எழுத்து வராது, பத்துக்கு மேல் எண்ண வராது. சட்டைப் பொத்தானை நான்தான் பூட்டிவிட வேண்டும்.

இரண்டாம் உலக யுத்தக் காலம் அது. வெள்ளவத்தையில் பங்கீட்டுக் கூப்பன் அரிசிக்குக் கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் விடியவே வரிசை தொடங்கிவிடும். அடுப்பில் உலையை வைத்துவிட்டு வந்தவர்கள் எத்தனை நேரம் நிற்பது? ஆளுக்கொரு கல்லைத் தங்கள் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். திரும்பி வந்ததும், "இது என்ரை கல்லு!" "உன்ரையோ? கண்ணைத் திறந்து பார்!" என்று குடுமிப்பிடிச் சண்டை. எனக்கென்றால் எல்லாம் ஒரே கல்லுத்தான்.

அண்ணைக்கு அப்படியில்லை. என்னோடு வந்து நின்றவர், சண்டை மூளும்போதெல்லாம் கையை நீட்டி, இது மஞ்சள் சேலை அக்கான்ரை, இது குடைக்காரரின்ரை என்பார். ஒருநாளும் பிழை விட்டதில்லை. அதைக் கவனித்தவர் கடை மனேஜர், அண்ணனை 'நானா' என்று சொல்லும் சோனகர்.

"தங்கச்சி, ஒங்கட நானாவ எனக்குத் தாங்க. வரிசய அவர் பாக்கட்டும். ஒரு கெழம பாப்பம். பிராது வந்தா மட்டும் என்னால ஒண்ணும் செய்யேலா," என்றார்.

அண்ணைக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் வேலை. அம்மா அழுதார். அன்றைக்கு அண்ணை தானே பொத்தானைப் பூட்டிக்கொண்டார், ஒரு துளை மாறி. நான் திருத்தவில்லை.

ஐந்தாம் நாள் நான் எழும்பப் பிந்திவிட்டது. அண்ணைதானே நிற்கிறார் என்ற துணிச்சலில், முன்னால் இரண்டு கல்லுக்கு நடுவில் என் பையைச் செருகினேன். அவர் வந்து பையைத் தூக்கிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தார்.

"அண்ணை, நான்தானே!"

"நீ பிந்தி வந்தனீ."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றி எரிந்தது. வீட்டுக்கு வரட்டும், இனிச் சோற்றையும் தானே காய்ச்சட்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வாலில் போய் நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து நேரே முன்னால் நின்றார். ஏதோ கந்தோரில் பெரிய கிளாக்கராம். அண்ணை அவருடைய கையைப் பிடித்து இழுத்தார்.

"ஐயா, இது மீன்கார மனிசியின்ரை கல்லு. நீங்கள் கல்லு வைக்கேல்லை."

"ஆரடா நீ என்னைத் தொட?" அவர் மனேஜரைக் கூப்பிட்டுக் கத்தத் தொடங்கினார். "இந்த விசரனை இங்கை நிப்பாட்டினது ஆர்? தன்ரை ஆக்களை முன்னுக்கு விட்டிட்டு மற்றவையைத் தள்ளுறான். இண்டைக்கே மேலிடத்துக்கு எழுதுறன்!"

மனேஜரின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணை மறுபடியும் அந்தக் கல்லையே காட்டினார். தனக்காகக் கதைக்க அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. போச்சு, வேலை போச்சு என்று நினைத்தேன்.

"தன்ட ஆளுகளயா?" ஓரமாகக் குந்தியிருந்த மீன்கார மனிசி எழும்பி வந்து வெடித்தாள். "அங்க பாருங்கையா, வால்ல நிக்கிறது அவன்ட சொந்தத் தங்கச்சி! இப்பதான் அவ பையத் தூக்கி அங்க வச்சான்!"

"அர இன்னே எயாகே நங்கி!" என்று, அந்தா நிற்கிறது அவருடைய தங்கச்சி என்பதைத் தன் பாஷையில் சொல்லி, ஒரு சிங்கள அக்காவும் என்னைக் காட்டினாள்.

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சற்று முன் என்னைப் பார்த்துச் சிரித்த அதே முகங்கள். நான் பையைத் தலைக்கு மேல் தூக்கி, "ஓம், நான்தான் தங்கச்சி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மனேஜருக்கு உயிர் வந்தது. "ஐயா, பின்னுக்குப் போங்க," என்றார். கோட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் நின்றார்.

என் முறை வருமுன் அரிசி முடிந்துவிட்டது. மத்தியானம் வீட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கு. அண்ணை தட்டைப் பார்த்தார்.

"சோறு எங்கை?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அரிசி முடிஞ்சுது, அண்ணை."

"நீ பிந்தி வந்தனீ. நாளைக்கு வெள்ளென வந்து கல்லை வை."

"ஓம் அண்ணை," என்று சொல்லி, பெரிய துண்டாகப் பார்த்து அவருடைய தட்டில் வைத்தேன்.