நிற்பதற்காக ஓடும் கப்பல்

போன புதன்கிழமை பக்கத்து வீட்டு அலமேலு அக்கா காம்பவுண்டு சுவர் மேலே எட்டிப் பார்த்தார். திண்டிவனத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரரின் மனைவி. எங்கள் தெருவில் போன் இருக்கிற ஒரே வீடு அவருடையதுதான்.

"ஏம்மா, உங்க வூட்டுக்காரரு கப்பல் இப்ப எங்க போய்க்கினு இருக்கு?"

"எங்கயும் போவலக்கா. பம்பாய்க் கடல்ல ஒரே எடத்துல நின்னுக்கினு இருக்கு."

"அய்யய்யோ... ரிப்பேரா?"

எப்படிப் புரியவைப்பது? கடலுக்கடியில் எண்ணெய்க் குழாயைச் சரிபார்க்க ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு மூச்சுக்காற்று போகும் குழாய் கப்பலிலிருந்துதான்; மேலே கப்பல் விலகினால் உயிருக்கே ஆபத்து. நங்கூரம் போடலாமென்றால் கீழே குழாய்! அதனால் ஐந்து ப்ரொப்பல்லர்களும் ஓடிக்கொண்டே இருக்கின்றன — கப்பல் நிற்பதற்காக. காற்றும் நீரோட்டமும் தள்ளத் தள்ள, எந்த ப்ரொப்பல்லர் நிஜமாக எவ்வளவு உந்துகிறது என்று கணித்து, வேலையைப் பங்கு பிரிக்க வேண்டும். பிரிப்பது கம்ப்யூட்டர். அது சரியாகப் பிரிக்கிறதா என்று கண்கொட்டாமல் பார்ப்பது என்னவர்.

"நிக்கிறதுக்கா சம்பளம்?" என்றார் அக்கா. வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் வாயடிக்கிறவள் நான்... அக்காவிடம் 'ஆமாங்க்கா' என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

எங்களுக்கு இது தலை தீபாவளி. விழுப்புரத்தில் அப்பா மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி எடுத்து வைத்துவிட்டார். நானோ ரிக்‌ஷா மணி கேட்டாலே அவர்தானோ என்று வாசலுக்கு ஓடுகிறேன். வெட்கங்கெட்ட மனசு!

சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு அவர் போன் வந்தது. கப்பல் போனில் ஒருவர் பேசிவிட்டு 'ஓவர்' சொன்னால்தான் அடுத்தவர் பேச முடியும். முதல் தடவை அவர் 'ஓவர்' என்றதும், பேச்சே முடிந்துவிட்டதென்று போனை வைத்தவள் நான். அக்கா இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

"பின்பக்க ப்ரொப்பல்லர் ஒண்ணு கேட்ட அளவு தள்ள மாட்டேங்குது. கணக்குல தெரிஞ்சிபோச்சு. லீவு கேன்சல். தீபாவளிக்கு வர முடியாதும்மா... ஓவர்."

"அய்யோ, கீழ இருக்கறவங்க? ஓவர்."

"பயமில்ல. ஒண்ணு சோர்ந்தா அதோட பங்கை மத்த நாலும் எடுத்துக்கும். ஓவர்."

"இங்க உங்க பங்கை யாருங்க எடுத்துக்குவாங்க?" என்றேன்.

அதோடு நிறுத்திவிட்டேன். என் 'ஓவரு'க்காக அவர் அங்கே காத்திருக்கிறார். தெரியும். சொன்னால் பதில் வரும். பதில் வந்தால் போனை வைக்க வேண்டிவரும். காதில் கரகரப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது... அதுவும் அவர் பக்கத்திலிருந்துதானே வருகிறது?

"என்னாம்மா, பேச்சயே காணோம்? போன் ரிப்பேரா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. ரெண்டு பேரும் நின்னுக்கினு இருக்கோம்."