கோல் கீப்பரின் வலது தோள்

எனக்கு ஆட்களின் முகம் பார்த்துப் பேச வராது. நாலாம் வகுப்போடு படிப்பு நின்று, சில வருடம் கூலி வேலைக்குப் போய், பிறகு ஒரு ஆசானிடம் உழிச்சல் வேலைக்குச் சேர்ந்தேன். எண்ணெய் தேய்க்கும்போது பெரும்பாலும் ஆட்கள் குப்புறக் கிடப்பார்கள். அந்த வேலையில் எனக்கு முதலில் பிடித்தது அதுதான்.

தொண்ணூறுகளில் பூவார் காயலோரம் விடுதிகள் வந்தன. அப்படி ஒன்றில் ஆசான் வைத்தியம் பார்த்தார், நான் கூட இருந்தேன். ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் அங்கே ஒரு ஜெர்மன்காரர் வந்தார். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். வலது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

விடுதியில் படகு ஓட்டும் அண்ணன் ஒருவருக்கு வெள்ளைக்காரச் சாயிப்புமாருடன் பழகி இங்கிலீஷ் வரும். அவர்தான் கேட்டுச் சொன்னார்.

"எலே, இவரு பந்து களிக்காராக்கும். கோல் கீப்பர். சம்பளத்துக்கு."

பெரிய பெயரெடுத்தவர் இல்லையாம். பதினேழு வயதில் தொடங்கி ஊர் ஊராகச் சின்ன அணிகளில் நின்றவர். கடைசியாக நின்ற அணியில் தோள் பிசகிவிட்டது. கை சரியானால் இடம் உண்டு. ஆகாவிட்டால் அவருக்குப் பின்னால் ஒரு சின்னவன் காத்திருக்கிறான். வலைக்கு முன்னால் ஒருவருக்குத்தானே இடம்.

அவருடைய இடுப்பெலும்பின் மேல் தோல் காய்த்துத் தடித்திருந்தது. பனியில் கல்லாக இறுகிய தரையில் விழுந்து விழுந்து வந்தது என்றார். கைவிரல்கள் ஒவ்வொன்றும் ஒரு திசையில் இருந்தன. அவர் படகைக் காட்டினால் விரல் தென்னையைக் காட்டும்.

"எங்க போகணும்னு வாயால சொல்லச் சொல்லு மக்கா," என்பார் அண்ணன். "விரலப் பாத்து ஓட்டுனா கடலுக்குத்தான் போவோம்."

உழிச்சல் எத்தனை நாளோ, அது முடிந்து அத்தனை நாள் நல்லிருக்கை என்று ஓய்வு உண்டு. அந்த நாட்களில் ஓடக்கூடாது, பாரம் எடுக்கக்கூடாது, உடம்பை அசக்கக்கூடாது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆசான் என்னை விட்டார். அந்த நாட்களில்தான் கிறிஸ்துமஸ் வந்தது. ஆறு கடலில் சேரும் பொழிமுகத்து மணலில் மீன்பிடிக்கிறவர்களின் பந்தாட்டம். நாங்கள் பார்க்கப் போனோம். பாதி ஆட்டத்தில் ஒரு அணியின் கீப்பருக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. நாலைந்து பேர் இவரிடம் வந்தார்கள்.

"சாயிப்பே, ஒரு களி வந்து நில்லும்."

அண்ணன் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். கூட்டத்தில் நான் வாய் திறந்ததே இல்லை. அன்று திறந்தேன்.

"நல்லிருக்கையாக்கும். கை எழும்பப்பிடாது."

"சாயிப்புக்க அம்மை வந்திருக்கா, பாருங்கலே," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஆட்டம் முடியும்வரை பார்த்தார். பந்து வலைப்பக்கம் வரும்போதெல்லாம் அவருடைய தோள் மட்டும் துடித்தது.

நல்லிருக்கை முடிந்து ஊருக்குப் போனார்.

அடுத்த ஆடி மழையில் திரும்பி வந்தார். விடுதியில் வேறு ஆளே இல்லை. வந்ததும் வைத்திய அறையின் வாசல் நிலைக்கு மேலே வலது கையை முழுதும் நீட்டிக் கூரை ஓட்டைத் தொட்டுக் காட்டினார். ஆசானுக்குச் சந்தோஷம். அண்ணன் மட்டும் மெதுவாக ஏதோ கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"இந்த மாசம் அங்க புது சீசன் ஆட்டத்துக்கு ஆளுவ கூடுத மாசமாம். கைக்கு ஒண்ணும் இல்ல. இவரு இங்க கெடந்த நேரம் அந்தச் சின்னவன் நின்னானாம். நல்லா நின்னுட்டானாம்."

"வேற டீம்?"

"கேட்டாராம். வயசாச்சுன்னு சொல்லுதானுவளாம்."

அன்று சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. அவர் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு என்னை மட்டும் பொழிமுகத்துக்குக் கூப்பிட்டார். கடல் கலங்கிக் கிடந்தது. கோலுக்கு நட்டிருந்த சவுக்குக் கம்புகளில் ஒன்றைக் கடல் கொண்டுபோயிருந்தது. அந்த இடத்தில் தன் செருப்பைப் போட்டுவிட்டு நடுவில் நின்றார். பந்தை அடிக்கும்படி எனக்குச் சைகை காட்டினார்.

நான் பந்தை உதைத்தது அதுதான் முதல் தடவை. அது பாதி தூரம் உருண்டு நின்றது. அவர் சிரிக்கவில்லை. எடுத்துத் திரும்பத் தந்து, மேலே, என்று கைகாட்டினார். காலால் முடியாது என்று தெரிந்து, கையால் உயரத் தூக்கி எறிந்தேன்.

அவர் எழும்பினார். இரண்டு கைகளும் ஒன்றாக மேலே போய்ப் பந்தைப் பிடித்தன. பந்தை நெஞ்சோடு அணைத்தபடி ஈர மணலில் விழுந்தார். விழுந்தவர் எழவில்லை.

நான் ஓடிப்போய்ப் பழக்கத்தில் அவர் தோளில் கை வைத்தேன். எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தசை இழுக்க வேண்டியபடி இழுத்தது. ஒரு குறையும் இல்லை. முகத்தை மணலில் வைத்து அவர் அழுதுகொண்டிருந்தார். நான் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து பந்தை என்னிடம் தந்தார். இன்னும் ஒன்று என்று விரல் காட்டினார். விரல் கடலைக் காட்டியது. நான் மறுபடி எறியப் பந்தோடு பின்னால் நடந்தேன்.