ஒரு பை ரத்தத்துக்கு ஒரு வேன் ஆளுங்க

என் வீட்டுக்காரருக்கு நிமோனியா முற்றி, நுரையீரல் ரெண்டும் கைவிரித்துவிட்டன. எங்கள் ஊர் மண்ணரையில் ஒரே பனியன் கம்பெனியில்தான் எங்களுக்கு வேலை; அவர் அயர்ன் மாஸ்டர், நான் ஓவர்லாக் டெய்லர். ஐ.சி.யூ.வில் அவருக்கு மிஷின்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ரத்தமும் கம்மி என்று நர்ஸ் சொல்ல, நான் கம்பெனிக்குப் போன் போட்டு அழுதேன்.

மத்தியானமே ஒரு வேன் வந்து நின்றது. கட்டிங் மாஸ்டர், செக்கிங் அக்காமார், ஒடிசா டெய்லர்கள் எல்லாரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டே இறங்கினார்கள்.

டாக்டரம்மா வெளியே வந்து, "இப்ப ரத்தம் ஏத்த வேண்டாங்க" என்றார்.

"ஏனுங்க மேடம், கம்மீன்னா ஏத்தறதுதானுங்களே மொறை?" என்றார் கட்டிங் மாஸ்டர்.

"கம்மிதாங்க, ஹீமோகுளோபின் எட்டு இருக்குது. ஆனா அவரு நுரையீரல் ஏற்கனவே நனைஞ்ச பஞ்சாட்டம் கெடக்குது. ரத்தம் ஏத்துனா இன்னும் நீர் கோத்துக்கலாம். சிலருக்கு அந்த ரத்தமே நுரையீரலைப் பாதிச்சுரும். ஏழுக்குக் கீழ போனாலோ, எங்காவது ரத்தம் கசிஞ்சாலோ உடனே ஏத்திருவோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று ஒரு அக்கா காதைக் கடித்தார். நான் டாக்டரம்மா பக்கம் திரும்பினேன்.

"உங்கூட்டுக்காரரா இருந்தா என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டே விட்டேன்.

"இதேதாங்க பண்ணுவேன். பக்கத்துலயே உக்காந்து பாத்துக்குவேன். இப்பவும் அப்படித்தான் பாத்துட்டிருக்கேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தெம்பு வந்தது. "நீங்க சொல்றபடியே பாருங்க" என்றேன்.

வந்தது வந்தோம், யாருக்காவது உதவட்டும் என்று எல்லாரும் ரத்த வங்கிக்கே போய்க் கொடுத்தார்கள். நாளெல்லாம் கத்தி மிஷின் பிடித்துத் துணி வெட்டுகிற கட்டிங் மாஸ்டர், ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சாய்ந்தார். அவருக்குத்தான் முதல் ஜூஸ்.

ரெண்டு நாளில் அளவு ஏழுக்குக் கீழே இறங்கியது. டாக்டரம்மா கூப்பிட்டு, "இப்ப ஏத்தறோங்க. ஒரே பை, மெதுவா" என்றார். சொட்டுச் சொட்டாக அது இறங்கும்வரை கட்டில் பக்கத்திலிருந்து அவர் நகரவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அடுத்த பைக்கும் தேவை வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரல் தெளிந்து, அடுத்த வாரம் மூச்சு மிஷின் குழாயை எடுத்தார்கள்.

பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருத்தரும் உள்ளே போனது தங்கள் ரத்தம்தான் என்று அடித்துச் சொன்னார்கள். கட்டிங் மாஸ்டரும்தான்! "நீங்க குடுத்தது மயக்கம் மட்டுந்தானுங்களே" என்றார் என் வீட்டுக்காரர், கரகரத்த குரலில். வார்டே சிரித்தது.

வீட்டுக்கு வந்தபிறகு, மூச்சை இழுத்தால் மூன்று பந்து ஒவ்வொன்றாக மேலே ஏறுமே, அந்த டப்பாவோடு தினமும் மல்லுக்கட்டினார். மூன்றாவது பந்தும் எழும்பிய அன்று நான் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தேன்.

"இன்னொருக்கா இழுங்க, பாக்கலாம்."

"போடி, மூச்சு வாங்குது."

"வாங்கட்டும், அதுக்குத்தானே இத்தன பாடு" என்றேன்.