ராஜா மேல் ஒட்டிய படம்

வீட்டைக் காலி செய்த ஒரு கிழவரிடம் என் கணவர் வாங்கி வந்தது அந்த ராஜா படம். ஐரோப்பாவில் எந்த நாட்டு ராஜாவோ. தோளில் புரளும் சுருள்முடி, உரோமம் வைத்த அங்கி, இடுப்பில் வாள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி அச்செடுத்ததாம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் லென்ஸ் வைத்துக் கன்னத்துக் கோடுகளை எண்ணாத குறைதான். அமெரிக்காவில், இர்விங் என்ற ஊரில், எங்கள் அபார்ட்மெண்டின் பாதிச் சுவரை அது அடைத்துக்கொண்டது. "பெத்த அப்பா படம் இல்லாத வீட்டுல எவனோ ஒரு ராஜா!" என்று எரிந்து விழுவேன்.

அப்பா படம் இல்லாததற்குக் காரணம் அப்பாதான். வேறு சாதியில் கட்டிக்கொண்டேன் என்று ஏழு வருஷம் பேசவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை இருவரும் ஊருக்குப் போனோம். "நீ வேணா உள்ள வா. அவன் வாசப்படி ஏறப்படாது" என்றார். நானும் ஏறவில்லை.

பிறகு ஒருநாள் தம்பி போன் செய்தான். "அப்பா போயிட்டாருக்கா. நேத்தே எடுத்தாச்சு."

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"சொல்லி? நீ வந்திருந்தா ஊரு வாய யாரு மூடறது?"

கத்தினேன். அழுகை வரவில்லை. படமாவது அனுப்புடா என்றேன்.

எங்கள் பக்கத்தில் படத்திறப்பு என்று ஒன்று உண்டு. இறந்தவர் படத்தை வெள்ளைத் துணியால் மூடி வைத்து, எல்லோர் முன்னாலும் திறந்து, பூப் போடுவார்கள். மகள் என்று எனக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அதையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று துடித்தேன்.

பதினாறாம் நாள், சனிக்கிழமை, நண்பர்களை அழைத்திருந்தோம். படம் வெள்ளிக்கிழமைதான் வந்தது, உள்ளங்கை அளவில். அவர் பெரிதாக்கி எடுத்து வந்தார். சட்டம் வாங்க மறந்துவிட்டார். காலையில் ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள்.

"ராஜாவக் கழட்டிட்டு இத வைங்க."

"பின்னாடி பூரா ஒட்டியிருக்கும்மா. பிரிச்சா கிழிஞ்சிடும். கண்ணாடி மேலயே டேப் போட்டுடறேன்."

"உங்களுக்கு எங்கப்பாவ விட அந்த ராஜா ஒசத்தி!"

ராஜா மேலேயே ஒட்டி, வெள்ளை வேட்டியைப் போர்த்தினார்.

நான்தான் திறந்தேன். துணியை இழுத்ததும் அப்பாவும் அதோடு சேர்ந்து கீழே வந்துவிட்டார். சுவரில் ராஜா, வாளும் கையுமாக. "டாலர் நோட்டில் இருக்கிறவரா?" என்று ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐயோ, அப்பாவுடைய காரியத்தில் நின்றுகொண்டு சிரித்தேன். பதினாறு நாளாக வராத அழுகை அந்தச் சிரிப்புக்குப் பின்னாலேயே வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் துணிக்குள்ளிருந்து படத்தை எடுத்து மறுபடி ஒட்டிப் பார்த்தார். டேப் பிடிக்கவில்லை. சுவரோரம் நின்று, படத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "வாங்க, பூப் போடுங்க" என்றார். ஒவ்வொருவராக வந்து அவர் காலடித் தட்டில் பூப் போட்டுக் கும்பிட்டார்கள்.

கடைசியாக நான் போனேன். அத்தனை நேரமும் அவர் படத்தை இறக்கவில்லை.

"வலிக்கும், குடுங்க" என்றேன்.

"இருக்கட்டும்மா. இப்பதான் கிட்ட விட்டிருக்காரு."