ரொட்டி மாவு பிசைந்த லேடி

கள்ளை ஊற்றிப் புளிக்க வைத்த ரொட்டி மாவின் வாசனைதான் என் அம்மாவின் வாசனை. மலாயாவில் செனாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரையின் பங்களாச் சமையலறையான ‘குசினி’யில் அவள் விடியுமுன்னே மாவு பிசைவாள், பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன்.

அப்பா காய்ச்சலில் இறந்தபோது அம்மா மிகவும் சின்னவள். அன்றிலிருந்து தோட்டக் கூலிகள் குடியிருந்த லயத்தில் அவளுக்குப் பெயரே இல்லாமல் போயிற்று. ‘முண்டச்சி’ என்றுதான் சொன்னார்கள். கங்காணி வீட்டுக் கல்யாணத்தில் மணப்பெண்ணை எட்டிப் பார்த்தவளை, “நல்ல காரியம் நடக்குதுல்ல, நீ பின்னால போய் நில்லு” என்று கங்காணியின் மனைவி தடுத்தாள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் குசினிக்கு வந்த துரையின் மனைவி ‘துரைசானி’, அம்மாவின் வீங்கிய கண்களைப் பார்த்துவிட்டு என்னிடம் காரணம் கேட்டார். சொன்னேன். அம்மா மாவிலிருந்து தலை தூக்கவில்லை. துரைசானி தமக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில் சொன்னார்:

“எங்க பாஷையிலே பெரிய வீட்டு அம்மாவுக்கு லேடி சொல்றது. ரொம்பப் பழைய காலம் அதுக்கு அர்த்தம், ரொட்டி மாவு பிசையற பொம்பளே. நான் பிசையறது இல்லே. நீ பிசையறே.”

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது. அன்று மாலை என் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, “தொரசானி சொன்னாங்களே, அத இன்னொரு தடவ சொல்லு” என்றாள். “லேடி” என்றேன். திரும்பத் திரும்பச் சொல்லவைத்தாள். அதன்பின் லயத்தில் யாராவது பழையபடி கூப்பிட்டால், “எம்பேரு செல்லம்மா” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

ரப்பர் விலை விழுந்த வருடங்களில் துரையும் துரைசானியும் பங்களாவைப் பூட்டிக்கொண்டு சீமைக்குப் போனார்கள். அம்மாவைப் போல வேலை போனவர்களைச் சர்க்கார் கப்பலேற்றி இந்தியாவுக்கு, சொந்த ஊருக்கு அனுப்பியது. அப்போதுதான் எனக்குக் கல்யாணமாகியிருந்ததால் நான் இங்கேயே தங்கிவிட்டேன். லாரியில் ஏறிய அம்மா, “அழுவாத புள்ள, வெல ஏறுனதும் வந்துர்றேன்” என்றாள். வரவேயில்லை. எந்த ஊரில், எப்போது கண்மூடினாள் என்று சொல்லி அனுப்பவும் ஆளில்லை.

தோட்டம் இருந்த இடத்தில் இன்று தொழிற்சாலைகள். லயமும் இல்லை, அவளைப் பின்னால் நிற்கச் சொன்னவர்களும் இல்லை. என்னைப் பாட்டி என்றும் ஆன்ட்டி என்றும் மேடம் என்றும் எத்தனையோ பேர் கூப்பிடுகிறார்கள். ‘அம்மா’ என்று நான் கூப்பிடத்தான் ஒருவருமில்லை.