இன்பநாதனின் ரெக்கார்ட் ரூம்

சனிக்கிழமை மத்தியானம் இரண்டேகால் மணிக்கு இன்பநாதன் மகளுக்குப் போன் செய்தார். டானியா ஊரின் மறுகோடியில், ஹிஞ்சேவாடி ஃபிளாட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள்.

"டானி, ரெக்கார்ட் ரூம் தெறக்க மாட்டேங்குது மா."

கோர்படியில் அப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த கிளவுட் ஸ்டோரேஜுக்கு அவர் வைத்த பெயர் அது. ராணுவ அலுவலகம் ஒன்றில் முப்பத்து நாலு வருஷம் கிளார்க்காக இருந்தவர். காகிதம் போய்ச் சேரும் இடம் எதுவானாலும் அவருக்கு ரெக்கார்ட் ரூம்தான்.

"என்ன சொல்லுது டாடி?"

"உள்ள போவ முடியல, மறுபடி ட்ரை பண்ணுங்குது. எட்டு வாட்டி பண்ணேன். அப்புறம் பாஸ்வேர்ட் மறந்துட்டியான்னு கேட்டுச்சு. ஆமான்னு அழுத்திட்டேன்."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல. கேள்வின்னு ஒண்ணு வந்தா பதில் போடணும்ல."

டானியா துணியைக் கீழே வைத்தாள். "கீழ மூலைல தேதி என்ன காட்டுது?"

"இரு, கண்ணாடி போட்டுக்கறேன். ஒண்ணாந்தேதி ஜனவரி, ரெண்டாயிரத்துப் பதினஞ்சு."

"காலைல கரண்ட் போச்சா?"

"ஒரு மணி நேரம் போச்சு. பாரு, எனக்கு இன்னும் ரிட்டயர்மென்டே வரல."

கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. அது செத்துவிட்டால் கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். தேதி தப்பாக இருக்கும் கம்ப்யூட்டரை எங்கோ இருக்கும் சர்வர் நம்பாது, கதவைத் திறக்காது. பாஸ்வேர்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது மூன்றாவது தடவை. அடுத்த முறை வரும்போது பேட்டரி வாங்கி வருகிறேன் என்று டானியா சொல்லிக்கொண்டிருந்ததும் மூன்றாவது தடவை.

தேதியை மாற்ற வைத்தாள். ஆனால் அவர் ஆமாம் என்று அழுத்தியிருந்ததால் புது பாஸ்வேர்ட் வைக்காமல் தீராது. ஒவ்வொரு படியாகச் சொன்னாள். அவர் ஒற்றை விரலால் தட்டினார். கடைசியில், "ஆச்சு, தெறந்துடுச்சு" என்றார்.

"எங்கயாவது எழுதி வச்சீங்களா?"

"எதுக்கு? இத மறக்கவே மாட்டேன். நாளைக்குக் காலைல எல்லாரும் இதத்தான் பாத்துனு இருப்பாங்க. என்னா போட்டேன்னா..."

"சொல்லாதீங்க டாடி. பாஸ்வேர்ட யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"உன்கிட்ட கூடவா?"

"என்கிட்டயும்தான்."

"அச்சா மேடம்" என்றார் இன்பநாதன். அடுத்த வாரம் வந்தால் மட்டன் வாங்கி வைப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தார். பதினெட்டு நிமிடப் பேச்சு.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளியலறையில் விழுந்தார். ஆறரைக்கு ஆஸ்பத்திரி. ஏழே காலுக்கு முடிந்துவிட்டது. திங்கட்கிழமை அடக்கம்.

அதற்குப் பிறகு டானியா கோர்படியிலேயே தங்கி வேலைகளை ஒவ்வொன்றாக முடித்தாள். ஆபீசுக்கு லீவு சொன்னாள். வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். அப்பாவின் போனுக்கு விஷயம் தெரியாதவர்கள் அழைத்தபடி இருந்தார்கள். "இன்பநாதன் சாப் ஹை க்யா?" அவர் இருக்கிறாரா என்று இந்தியிலும் மராத்தியிலும் தமிழிலும் கேட்டார்கள். ஐந்தாம் நாள் அம்மா மேவிஸ், "அத நிறுத்து டானி, என்னால ஒவ்வொருத்தருக்கா சொல்ல முடியாது" என்றாள். நம்பர் டானியாவின் பெயரில் வாங்கியது. பத்தே நிமிடத்தில் அதை ரத்து செய்தாள். அழுகை வரவில்லை. வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவளும் காத்திருந்தாள்.

இன்பநாதன் கோர்படியிலேயே பிறந்தவர். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவ லாரி ஓட்ட வந்து அங்கேயே தங்கிவிட்டவர். இன்பநாதன் காய்கறிக்காரரிடம் மராத்தி பேசினார், ஆபீசில் இந்தி பேசினார், இங்கிலீஷில் கடிதம் எழுதினார், வீட்டிலும் சர்ச்சிலும் தமிழ். ரிட்டயர் ஆனபோது ஆபீசில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதை யாருக்கோ கல்யாணப் பரிசாகக் கொடுத்துவிட்டு ஸ்கேனர் ஒன்று வாங்கினார்.

ரயில்வே காலனியிலும் சுற்று வட்டாரத்திலும் இருந்தவர்கள் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார்கள். ஞானஸ்நான சர்டிபிகேட், ரேஷன் கார்டு, பென்ஷன் உத்தரவு. அவர் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, வீட்டுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, மேலே கிளவுடில் ஏற்றி வைப்பார். எந்த ஆபீசில் எந்தக் காகிதம் கேட்பார்கள், எந்த ஜன்னலில் எந்த மனுஷன் சாப்பாட்டுக்கு முன்னால் நல்லவன், சாப்பாட்டுக்குப் பின்னால் கெட்டவன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. காசு வாங்க மாட்டார். டீ குடிப்பார். சர்க்கரை கம்மியாக இருந்தால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்.

பத்தாம் நாள், புதன்கிழமை காலை, சாந்தகுமாரி வந்தாள். காலனியில் இருப்பவள், சர்ச்சைப் பெருக்கித் துடைப்பவள். அவள் கணவர் ரயில் பாதை வேலையில் இருந்தவர், போன வருஷம் காய்ச்சலில் போய்விட்டார். அவருடைய வேலையைக் கருணை அடிப்படையில் மனைவிக்குக் கொடுக்க ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாங்க ஆண்ட்டி."

"இல்ல பாப்பா. இந்த நேரத்துல வந்து கேக்கறதுக்கே எனக்கு வாய் வர்ல. வெள்ளிக்கெழம காயிதமெல்லாம் சரி பாக்கறாங்க. எல்லாம் அண்ணன்கிட்டதான் கீது."

"ஒரிஜினல் உங்ககிட்ட இல்லையா?"

"பொட்டில இருந்துச்சு. மழைல கூரை ஒழுகி ஊறிப்போச்சு. மை எல்லாம் ஓடி, கல்யாண சர்டிபிகேட்டுல என் மூஞ்சி மட்டும்தான் மிச்சம். அதுக்கு முன்னாடியே அண்ணன் மெஷின்ல போட்டு வச்சார். காபி எடுத்துச் சீல் வச்சா ஒத்துக்கறாங்களாம், அண்ணனே ஆபீஸ்ல பேசிட்டார்." நிறுத்தினாள். "வெள்ளிக்கெழம உட்டா ஃபைல மூடிடுவாங்க. வேலையும் இல்ல, குவாட்டர்ஸும் காலி பண்ணணும்."

"அஞ்சு நிமிஷம் ஆண்ட்டி" என்றாள் டானியா.

டானியாவின் பிழைப்பே அதுதான். ஒரு கம்பெனியில் லாகின் கோளாறுகளைத் தீர்க்கும் குழுவில் ஆறு வருஷமாக இருக்கிறாள். உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டாள். கிளவுட் ஐகானில் சிவப்புப் பெருக்கல் குறி. கை தானாகப் போனது. சைன் அவுட் செய்தாள். வெளியே வந்து மறுபடி உள்ளே போவது, தினமும் இருபது பேருக்கு அவள் சொல்லும் முதல் படி.

அழுத்தி முடித்த பிறகுதான் மூலையிலிருந்த தேதியைப் பார்த்தாள். 2015.

பத்து நாள் அணைந்து கிடந்த கம்ப்யூட்டர். தேதியை மட்டும் மாற்றியிருந்தால் போதும், அப்பாவின் பெயரிலேயே திறந்திருக்கும். இப்போது அவள் வெளியே நிற்கிறாள். ஹார்ட் டிஸ்க் சின்னது என்பதால் ஃபைல்களை மேலே கிளவுடில் மட்டும் வைத்து, கீழே கம்ப்யூட்டரில் பெயர்கள் மட்டும் தெரியும்படி அமைத்தவளும் அவளே. ஃபோல்டர் காலியாக இருந்தது.

தேதியைச் சரி செய்தாள். திரை பாஸ்வேர்ட் கேட்டது. தெரியாது. புது பாஸ்வேர்ட் வேண்டுமென்றால் அப்பாவின் நம்பருக்கு ஒரு எஸ்எம்எஸ் வரும். அந்த நம்பர் இல்லை. பாஸ்வேர்ட் மட்டும் தெரிந்தால், இரண்டாவது பூட்டுக்கான ஆறு இலக்க எண்ணைப் போனிலிருக்கும் ஆப் காட்டும், அதற்கு நம்பர் தேவையில்லை. கிளவுட் நடத்தும் கம்பெனிக்கு எழுதலாம். பதில் என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளே பலருக்கு அனுப்பியிருக்கிறாள்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், முப்பது வேலை நாட்களுக்குள் பரிசீலிக்கிறோம்.

மேவிஸ் டீயோடு வந்து திரையைப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"நான் மூடிட்டேன் மம்மி. திறந்துதான் இருந்துச்சு. நான்தான் மூடிட்டேன்."

மேவிஸ் டீயை வைத்தாள்.

சாந்தகுமாரிக்கு விளங்கியது கதவு சாத்திக்கொண்டது என்பது மட்டும். "பாஸ்வேர்டு அண்ணன் யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொல்ல வந்தார். நான் விடல."

"இன்னா சொல்ல வந்தார்?"

"மறக்க மாட்டேன், நாளைக்குக் காலைல எல்லாரும் இதத்தான் பாத்துனு இருப்பாங்கன்னார்."

"ஞாயித்துக்கெழம காலைலயா?" சாந்தகுமாரி சட்டென்று சொன்னாள். "அப்ப போர்டுதான் பாப்பா. வேற இன்னா?"

சர்ச்சில் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு மரப்பலகை தொங்கும். அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டு எண்களை அட்டைகளாகச் செருகி வைப்பார்கள். ஆர்கன் வாசிக்கும் ஜாக்சன் வெள்ளிக்கிழமை எண்களைக் கொடுப்பார். சனிக்கிழமை சாயங்காலம் இன்பநாதன் போய்ச் செருகிவிட்டு வருவார். பத்தொன்பது வருஷம். அந்த ஞாயிறு ஆராதனையில் அவர் செருகிய பாட்டுகளைத்தான் பாடினார்கள். இரண்டாம் பாட்டு முடிவதற்குள் செய்தி வந்துவிட்டது, மீதியையும் பாடித்தான் முடித்தார்களாம்.

"ஜாக்சன் கிட்ட கேட்டா சொல்லுவார்" என்றாள் மேவிஸ்.

"கேக்கவே வாணாம் மேடம். இன்னும் யாரும் எடுக்கல. போன ஞாயிறு கூட ஜாக்சன் நம்பர வாயாலதான் சொன்னார். தெனமும் நான்தான் தொடைக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

இருவரும் நடந்தே போனார்கள். வெயில் ஏறியிருந்தது. சாந்தகுமாரி இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தாள். பலகையில் நான்கு வரிசை. ஞானப்பாட்டு என்ற ஹிம்னுக்கு H, கீர்த்தனை என்ற லிரிக்குக்கு L. தமிழ் வாசிக்காத பிள்ளைகளுக்காக இங்கிலீஷ் எழுத்து. H 117, L 64, L 209, H 8. எட்டு மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தது. டானியா போனில் படம் எடுத்தாள். சாந்தகுமாரி அந்த அட்டையை நேராக்கக் கை தூக்கினாள், பிறகு இறக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து டானியா யோசித்தாள். வெறும் எண்களைக் கம்ப்யூட்டர் ஏற்காது. பெரிய எழுத்து ஒன்று வேண்டும், அது H. குறியீடு ஒன்று வேண்டும். நடுவில் கோடு போட்டு முயன்றாள். தப்பு. இன்னும் சில தடவை தவறினால் கணக்கே பூட்டிக்கொள்ளும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டாடி ஆபீஸ்ல ஃபைல் நம்பர் எப்படி மம்மி எழுதுவார்?"

"அந்த ஆபீஸ்லயா? எல்லாத்துக்கும் நடுவுல சாய்கோடு. மளிகை லிஸ்ட் கூட அப்படித்தான் எழுதுவார். பருப்பு, சாய்கோடு, ஒரு கிலோ."

H117/L64/L209/H8.

திரை ஆறு இலக்கம் கேட்டது. அப்பாவின் போனை எடுத்து எண்ணைப் பார்த்துத் தட்டினாள். ரெக்கார்ட் ரூம் திறந்தது. நிம்மதி என்று ஒன்று வர வேண்டும். வேலை முடிந்தது என்று மட்டும் தோன்றியது.

அறுபத்தொரு ஃபோல்டர்கள். வீட்டு எண், சாய்கோடு, பெயர். பாதிப் பேர் யாரென்றே அவளுக்குத் தெரியவில்லை. சிலர் காலனியை விட்டே போனவர்கள், அவர்களுடைய காகிதங்களும் இருந்தன. கோணலாக ஸ்கேன் ஆன ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி நேராக எடுத்திருந்தார்.

"கீதா பாப்பா?"

"இருக்கு ஆண்ட்டி."

பிரிண்டர் ஒவ்வொன்றாகத் துப்பியது. கல்யாண சர்டிபிகேட், கணவரின் சர்வீஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், எட்டாம் வகுப்பு மார்க் ஷீட். சாந்தகுமாரி காகிதங்களை வாங்கி மடியில் அடுக்கினாள். எழுத்தைப் படிக்கவில்லை. சூடாக இருந்த தாள்களைத் தடவிப் பார்த்தாள்.

கடைசியாக ஒரு பட்டியல். வெள்ளிக்கிழமைக்குத் தேவையானவை, மொத்தம் பதினொன்று. முதல் பத்துக்கும் நேராக 'ஆச்சு' என்று அப்பா போட்டிருந்தார். பதினொன்றாவது மாமியாரின் பிரமாணப் பத்திரம், மருமகளுக்கு வேலை கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை என்று.

"இது எங்க ஆண்ட்டி?"

"அத்தைய அரக்கோணத்துலேந்து வரவச்சு, அண்ணன்தான் கேம்ப் ஏரியாவுக்கு நோட்டரிகிட்ட கூட்டினு போனார். கையெழுத்து ஆச்சு. அன்னிக்கு ராத்திரி வண்டிக்கே அத்த ஊருக்குப் பூட்டாங்க. சீல் போட்டு வைக்கிறேன், அப்புறம் வாங்கன்னாராம் நோட்டரி. தானே வாங்கியாறேன்னார் அண்ணன்." அவள் குரல் தாழ்ந்தது. "அது இல்லாம எடுத்துக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

பதினொன்றாவது வரிக்கு நேராக ஒரு குறிப்பு இருந்தது. டானியா அதைச் சத்தமாகப் படித்தாள். "ரசீது பர்ஸில். நோட்டரி ஆபீஸில் இருப்பது பதினொரு மணியிலிருந்து ஒரு மணி வரை. சுற்றிப் பேசுவார், அவசரப்படுத்தக் கூடாது."

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை அலமாரியில் முடிச்சு அவிழ்க்காமல் இருந்தது. மேவிஸ் அதை எடுத்துவந்து மகளிடம் நீட்டினாள். சட்டை, வாட்ச், பர்ஸ். பர்ஸுக்குள் நாலாக மடித்த ரசீது. மணி பன்னிரண்டு இருபது, நோட்டரி இன்னும் நாற்பது நிமிஷம்தான் இருப்பார்.

ரசீதின் பின்பக்கம் இன்பநாதன் பென்சிலால் எழுதியிருந்தார்: கேம்ப் / திங்கள் / நானே போகணும். டானியா அதை அதே மடிப்பில் மடித்து எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.