மஞ்சள் கோட்டின் முதுகு

லிந்துலைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்தில் தனுஷிகாவை ஊமை என்று சொன்னவர்கள் உண்டு. அவள் ஊமை அல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் வாய் பூட்டிக்கொள்ளும். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி. அவள் கூடையில் ஒரு முற்றல் இலை கிடைக்காது. ஆனால் விடிந்ததும் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் வாசிக்கும்போது, எல்லா முகமும் தன் பக்கம் திரும்புமே, அதுதான் அவளுக்கு ஆகாது. நுவரெலியா டாக்டர் ஆட்டிசம் என்றார். லயத்து வரிசை வீடுகளில் ஆளுக்கொரு பேர் வைத்தார்கள். அம்மா ஜீவராணியும் நாலு பேர் பார்த்தால் கூசிப்போகிறவள்தான். அவள் மகளையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

இருபது வயதில் தனுஷிகா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கங்காணி மாயாண்டி சொல்லிவிட்டார்.

"ராணி, குரல் குடுக்காத ஆளுக்கு எப்படி பேர் போடுறது? நீ சொல்லக்கூடாது, அவதான் சொல்லணும். எனக்கு மேல இருக்கிற கண்டாக்கு ஐயா ஏசுறாரு. திங்கக்கிழமை கடைசியா பாப்போம்."

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த ஜீவராணியின் கை அப்படியே நின்றது. உள்ளேயிருந்து மகளின் குரல், கணீரென்று.

"இருக்கேன்! பாலத்துக்கிட்ட இருக்கேன். பின்னால ஒரு ஆளு வரல, நில்லுங்க!"

எட்டிப் பார்த்தாள். தங்கச்சி மகள் வினோதா தன் போனிலும், தனுஷிகா வீட்டுப் போனிலும் கேம் ஆடிக்கொண்டிருந்தார்கள். டயகமவில் இருந்து வினோதாவின் கூட்டாளிகள் இரண்டு பேரும் போன் வழியாகச் சேர்ந்திருந்தார்கள். நாலு பொம்மைகள் மலை ஏறின. தனுஷிகாவின் பொம்மை, மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு பொம்பளை. "மஞ்சக் கோட்டு, எங்க இருக்க?" என்று போன் கேட்கக் கேட்க, மகள் பதில் சொன்னாள்.

ஜீவராணி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வினோதா பட்டாளத்துக்காரனை எடுத்தால் எல்லாரையும் அதட்டினாள். நர்ஸை எடுத்தால், "பாத்து வாங்க தங்கம்" என்று உருகினாள். தனுஷிகாவுக்கு எந்தப் பொம்மையும் ஒன்றுதான். கடைசி ஆள் வந்து சேரும்வரை நகரமாட்டாள்.

ஆனாலும் அவள் அடிக்கடி எடுத்தது மஞ்சள் கோட்டுக்காரியை என்பதால், கோட்டுதான் மகளைப் பேச வைக்கிறது என்று ஜீவராணிக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை நானுஓயாவுக்குப் போய் ஒரு மஞ்சள் கோட்டு வாங்கி வந்தாள்.

முதலில் வினோதாதான் போட்டுப் பார்த்தாள். போட்டதுதான் தாமதம், நெஞ்சை நிமிர்த்தி வாசலில் நாலு நடை நடந்தாள், படுத்திருந்த நாயை, "எழும்பு, மலை ஏறணும்!" என்று விரட்டினாள்.

"உனக்கு வாங்கலடி, கழட்டு!"

"போங்க பெரியம்மா, இப்பதான் வீரம் வருது."

தனுஷிகா போட்டாள், உடனே கழற்றினாள்.

"கழுத்து உரசுது."

"இதப் போட்டா அந்தப் பொம்பள மாதிரி பேசலாம்டி."

"நான் போட்டா எல்லாரும் என்னையத்தான் பாப்பாங்க. கேம்ல அவ எனக்கு முன்னால நிப்பா. அவளப் பாப்பாங்க. எனக்கு அவ முதுகுதான் தெரியும்."

கோப்பை கழுவும்போதுதான் ஜீவராணிக்கு அது விளங்கியது.

திங்கட்கிழமை மழை இல்லை, நல்ல வெயில். ஜீவராணி மஞ்சள் கோட்டோடு களத்துக்கு வந்தாள்.

"என்ன ராணி, ஒனக்கு மட்டும் வானம் பொத்துக்கிச்சா?"

கூட்டத்தில் யாரோ கேட்க, சிரிப்பு எழுந்தது. கோட்டுக்குள் அவளுக்கு வேர்த்து ஊற்றியது. எப்போதும் மகளுக்குப் பக்கத்தில் கையைப் பிடித்து நிற்பவள், இன்றைக்கு ஓரெட்டு முன்னால் போய் நின்றாள்.

"தனுஷிகா!" என்றார் மாயாண்டி.

எல்லா முகமும் திரும்பியது. திரும்பிய கண்ணெல்லாம் மஞ்சள் கோட்டில் விழுந்தது. ஓடிப்போகலாம் போல இருந்தது ஜீவராணிக்கு. காலை ஊன்றி நின்றாள். பின்னால் சத்தமே இல்லை. மாயாண்டி அடுத்த பேருக்கு விரலை நகர்த்தினார்.

"இருக்கேன்!"

மாயாண்டியின் விரல் நின்றது. முதுகுக்குப் பின்னாலிருந்து அதே கணீர்க் குரல் மறுபடியும் வந்தது.

"காளியாயி அத்தை இன்னும் வரல. நில்லுங்க!"

மாயாண்டி பேரைப் போட்டார். பிறகு, காளியாயி மூச்சிரைக்க மேடேறி வரும்வரை, அவரும் நின்றார்.